கூடைப்பந்தில் முதல் பாடம் காலுக்கு

"என்ன சார், பந்தைப் பிடிச்சதுக்கே விசில் ஊதுறாங்க?"

போன வருடம் ஒரு நட்பு ஆட்டத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார். அவருடைய மகள் எங்கள் அணியில் ஏழாம் நம்பர். பன்னிரண்டு வயது, நல்ல வேகம், பயம் என்பதே கிடையாது. பந்து கைக்கு வந்ததும் அந்தச் சந்தோஷத்திலேயே மூன்று நான்கு ஸ்டெப் ஓடிவிட்டு அப்புறம்தான் தரையில் தட்ட ஆரம்பிப்பாள். நடுவர் விசில் ஊதிவிட்டு, இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் ராட்டினம்போலச் சுற்றிக் காட்டுவார். 'டிராவல்', அதாவது பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே ஓடிவிட்டாள் என்று அர்த்தம். பந்து எதிரணிக்குப் போய்விடும். முதல் பத்து நிமிடத்தில் இந்த ராட்டினம் எங்கள் அணிக்கு மட்டும் ஒன்பது முறை சுற்றியது. எண்ணிக்கொண்டே இருந்தேன்.

தப்பு அவளுடையது இல்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் நான் கற்றுக்கொடுத்தது கைக்கு மட்டும்தான். டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது), ஷூட், பாஸ் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பந்தோடு எப்படி நிற்பது என்று யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. பந்தைப் பார்த்தால் ரிங்கைப் பார்க்கத்தான் எந்தப் பிள்ளைக்கும் தோன்றும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கப் புதிதாக இறங்கியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியில் "நீங்கதான் காலேஜ்ல ஆடினீங்களாமே" என்று சொல்லி விசிலைக் கையில் திணித்திருப்பார்கள். அல்லது உங்கள் பிள்ளை ஆடுகிறது என்பதற்காகவே நீங்கள் கோச் ஆகியிருப்பீர்கள். எப்படி வந்திருந்தாலும் சரி, பந்து மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால் கால் விஷயத்தைப் பேசிவிடலாம்.

இந்த ஆட்டம் பிறந்ததே காலைக் கட்டிப்போட்டுத்தான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். வெளியே கடுங்குளிர். உள்ளரங்கில் அடைந்துகிடந்த பதினெட்டு முரட்டு மாணவர்களுக்கு ஏதாவது ஓர் ஆட்டம் வேண்டும். ரக்பி மாதிரி ஆட்டங்களை உள்ளே ஆடவிட்டால் கை கால் உடையும். ஏன் உடைகிறது என்று அவர் யோசித்தார். பந்தோடு ஒருவன் ஓடுகிறான், அவனை நிறுத்த மற்றவர்கள் மேலே விழுகிறார்கள். பந்தோடு ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால் யாரும் யார் மேலும் விழ வேண்டியதில்லையே! அவர் எழுதிய 13 விதிகளில் மூன்றாவது அதுதான். பந்தைப் பிடித்தவன் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், ஓடிவந்து பிடித்தவனுக்கு மட்டும் நிற்பதற்குக் கொஞ்சம் சலுகை. மாடியின் கைப்பிடிக் கம்பியில் பத்தடி உயரத்தில் இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டினார்கள். அந்தப் பத்தடிதான் இன்றைக்கும் 3.05 மீட்டர்.

அந்த 13 விதிகளில் டிரிபிள் என்ற பேச்சே இல்லை. நகரவும் வேண்டும், ஓடவும் கூடாது என்ற நெருக்கடியில் ஆடுகிறவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி அது. பாஸ், ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பும் பிவட், ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிவந்து எம்பிப் போடும் லே-அப்பின் இரண்டு ஸ்டெப் எல்லாமே 'பந்தோடு ஓடாதே' என்ற ஒற்றை வரிக்கு மனிதர்கள் சொன்ன பதில்கள். அந்தக் கேள்வியைக் காட்டாமல் நாம் பிள்ளைகளுக்குப் பதில்களை மட்டும் மனப்பாடம் செய்யவைக்கிறோம்.

(நம் ஊருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் ஒரு நேர்க்கோடு உண்டு. அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. உங்கள் பள்ளியின் பி.இ.டி. சாருக்குப் பாடம் எடுத்தவரோ, அவருக்குப் பாடம் எடுத்தவரோ அங்கே படித்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.)

சரி, பிவட்டுக்கு வருவோம்.

ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி ஓர் இடத்தில் குத்தி நிற்கும், பென்சில் சுற்றிவரும். ஊசி நகர்ந்தால் வட்டம் கெட்டது. பந்தைப் பிடித்து நிற்கிற பிள்ளைக்கும் ஒரு கால் ஊசி, ஒரு கால் பென்சில். ஊசிக்கால் இருந்த இடத்திலேயே திரும்பலாம். பென்சில் கால் எத்தனை முறை வேண்டுமானாலும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்வரலாம். எங்கள் அணியில் இதற்கு 'ஆணிக்கால்' என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். 'பிவட் ஃபுட்' என்று நான் ஒரு மாதம் சொன்னது ஏறவில்லை, ஆணிக்கால் ஒரே நாளில் ஏறிவிட்டது. ஆங்கிலப் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். நடுவர் அதைத்தான் சொல்வார் என்பதால் என்றைக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்தக் கால் ஆணி? நின்ற இடத்தில் பந்தைப் பிடித்தால் எந்தக் காலையும் ஆணியாக்கலாம். ஒன்றைத் தூக்கிய அந்த நொடியில் இன்னொன்று ஆணியாகிவிடும். ஓடிவந்து பிடித்து, ஒரு கால் முதலிலும் மற்றது பிறகும் ஊன்றினால் முதலில் ஊன்றியதுதான் ஆணி. இரண்டும் ஒரே சமயத்தில் ஊன்றினால் மறுபடியும் தேர்வு நம் கையில்.

இதில் பெரியவர்களும் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆணியைத் தரையிலிருந்து தூக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கலாம். பாஸ் கொடுக்கவோ ஷூட் செய்யவோ எம்பும்போது ஆணிக்கால் கிளம்பலாம். அந்தக் கால் திரும்பத் தரையைத் தொடுவதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் டிரிபிள் ஆரம்பிப்பதென்றால் கதை வேறு. முதலில் பந்து கையைவிட்டுக் கிளம்ப வேண்டும், பிறகுதான் ஆணி கிளம்ப வேண்டும். ஏழாம் நம்பர் மாட்டிக்கொண்டது இங்கேதான். சின்னப் பிள்ளைகளின் டிராவலில் பெரும்பாலானவை இந்த ஒரு வகைதான். ஓட்டம் முந்திக்கொள்ளும், தட்டல் பிந்திவிடும்.

அப்புறம், டி.வி.யில் என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக் பார்க்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். "சார், அவங்க மட்டும் மூணு ஸ்டெப் வைக்கிறாங்களே?" என்று கேட்கும். ஓடும்போது பந்தைக் கைக்குள் எடுக்கிற கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகுதான் இரண்டு ஸ்டெப். 2017 அக்டோபரிலிருந்து, சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியும் இப்படித்தான் இருக்கிறது. விஷயம் உண்மைதான், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். சலுகையை முதலிலேயே சொல்லிவிட்டால் மூன்று நான்காகும், நான்கு ஐந்தாகும். இரண்டு என்றே பழகட்டும். வளர்ந்தபின் தானாகத் தெரிந்துகொள்ளும்.

ஆணியைச் சரியாக அடிக்க வேண்டுமென்றால் முதலில் நிற்கத் தெரிய வேண்டும். ஓட்டத்திலிருந்து நிற்பது சுலபம் என்று தோன்றும். ஒரு நாள் பிள்ளைகளை ஓடவிட்டு, விசில் சத்தத்துக்குச் சட்டென்று நிற்கச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் இரண்டடி சறுக்குவார்கள், இரண்டு பேர் முன்னால் கை ஊன்றுவார்கள், ஒரு பிள்ளை நிற்கவே நிற்காது.

நிற்பதற்கு இரண்டு வழி. பாண்டி ஆடிய எவருக்கும் இரண்டும் ஏற்கெனவே தெரியும். பாண்டியில் சேர்ந்திருக்கும் இரண்டு கட்டம் வந்தால் இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றுவோமே, அது ஜம்ப் ஸ்டாப். ஒற்றைக் கட்டத்தில் ஒரு கால், அடுத்ததில் இன்னொரு கால் என்று வைத்து நின்றால் அது ஸ்ட்ரைடு ஸ்டாப். எங்கள் கோர்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் நிஜமாகவே பாண்டிக் கட்டம் போட்டோம். பையன்கள் முதலில் "இது பொண்ணுங்க விளையாட்டு சார்" என்று நெளிந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் வந்து ஒரு சறுக்கல்கூட இல்லாமல் ஆடிக்காட்டியதும் நெளிவு நின்றுவிட்டது.

ஜம்ப் ஸ்டாப்பில் உயரமாகக் குதிக்கக் கூடாது. தரையை ஒட்டி, ஒரு சின்ன வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி. பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, முட்டி மடங்கி, பிட்டம் கொஞ்சம் கீழே, தலை இரண்டு பாதங்களுக்கும் நடுவில். தலை முன்னால் போனால் உடம்பும் பின்னாலேயே போய்விடும். விழுகிற பிள்ளையைப் பார்த்து "பேலன்ஸ், பேலன்ஸ்" என்று கத்துவதில் ஒரு பயனும் இல்லை. "தலை எங்கே?" என்று கேட்டால் அதுவே சரிசெய்துகொள்கிறது. சத்தத்தையும் கேளுங்கள். 'டப்' என்று ஒரே சத்தம் வந்தால் ஜம்ப் ஸ்டாப். 'டப்-டப்' என்றால் இரண்டு கால் தனித்தனியாக இறங்கியிருக்கிறது, முதல் கால்தான் ஆணி. கண்ணை மூடிக்கொண்டே நடுவர் வேலை பார்க்கலாம். பிள்ளைகளை ஒருவர் கண்ணை மூடிக் கேட்கவும் இன்னொருவர் ஓடி நிற்கவும் விட்டேன். கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

நம் கோர்ட்டுகள் பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்டுத் தரை. ஓரத்து மண் காற்றில் வந்து படிந்து, காலை ஆறு மணிக்கு மாவு தூவினாற்போல இருக்கும். அதன்மேல் ஜம்ப் ஸ்டாப் போட்டால் யாராக இருந்தாலும் சறுக்குவார்கள். எங்கள் பயிற்சியில் முதல் பத்து நிமிடம் விளக்குமாறுதான். இரண்டு பேர் பெருக்குவார்கள், மற்றவர்கள் ஷூ கயிறு கட்டுவார்கள். ஷூ என்றதும் நினைவுக்கு வருகிறது. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துமுறை அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாம்பியன் பட்டம் வாங்கிக்கொடுத்த கோச் ஜான் வுடன், ஒவ்வொரு சீசனையும் சாக்ஸ் போடுவது எப்படி என்ற பாடத்தோடு தொடங்குவாராம். சாக்ஸில் சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி இல்லை. வளர்ந்த பையன்களுக்கே அதைச் சொல்லவேண்டியிருந்தது என்றால், அண்ணனுடைய பழைய கான்வாஸை இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கி மாட்டிக்கொண்டு வருகிற நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்!

திரும்புவது முன்பாதத்தில். குதிகாலை ஊன்றித் திரும்பினால் ஆணி நழுவும், முட்டிக்கும் நல்லதில்லை. சிகரெட்டை மிதித்து அணைக்கிற மாதிரி என்று என் கோச் எங்களுக்குச் சொன்னார். பிள்ளைகளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை, எறும்பு என்றும் சொல்ல முடியாது. தரையில் ஒட்டின பபிள்கம்மைத் தேய்க்கிற மாதிரி என்று மாற்றிக்கொண்டேன்.

நின்றாயிற்று, திரும்பத் தெரிந்தாயிற்று. பந்து எங்கே இருக்க வேண்டும்? இடுப்புக்கு மேல், ஷூட் செய்கிற கைப்பக்கம், முழங்கை வெளியே துருத்திக்கொண்டு. முட்டி மடங்கியபடியே. இந்த நிலையிலிருந்து ஷூட் செய்யலாம், பாஸ் கொடுக்கலாம், டிரிபிள் போகலாம். மூன்றில் எது வரும் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இதற்கு 'டிரிபிள் திரெட்', அதாவது மும்முனை மிரட்டல், என்று மிரட்டலான பெயர் (இந்த டிரிபிள் 'மூன்று', பந்து தட்டும் டிரிபிள் இல்லை). பந்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கும் பிள்ளையால் பாஸ் மட்டும்தான் கொடுக்க முடியும், அதுவும் எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இப்போது லே-அப். சொல்லிக்கொடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பெரும்பாலான இடங்களில் தலைகீழாகச் சொல்லித்தரப்படுவதும் இதுதான். பாதிக் கோர்ட்டிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வரச் சொல்லி, "ரெண்டு ஸ்டெப், அப்புறம் போடு" என்கிறார்கள். தட்ட வேண்டும், ஓட வேண்டும், பந்தை எடுக்க வேண்டும், ஸ்டெப் எண்ண வேண்டும், எம்ப வேண்டும், போர்டைப் பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் ஆறு வேலை. பிள்ளை ரிங்குக்கு நேர் கீழே போய் நின்று மேலே அண்ணாந்து பார்க்கும்.

கடைசி அசைவில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். ரிங்கின் வலப்பக்கம் ஓரடி தள்ளி நிறுத்துங்கள். வலது கையால் போடுவதென்றால் இடது கால் தரையில். வலது முழங்கையையும் வலது முழங்காலையும் ஒரு கயிற்றால் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பொம்மலாட்டப் பொம்மை மாதிரி. கை மேலே போனால் முழங்காலும் கூடவே மேலே போகும். பந்து போர்டில் வரைந்திருக்கும் சின்னக் கட்டத்தின் மேல் மூலையில் பட வேண்டும். பந்து இல்லாமலேயே பத்து முறை, பந்தோடு பத்து முறை. அது வந்தபிறகு ஒரு ஸ்டெப் பின்னால் வந்து இடது காலை வைத்து எம்பச் சொல்லுங்கள். இன்னொரு ஸ்டெப் பின்னால் வந்தால் வலது, இடது, மேலே. சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிரிபிள் கடைசியில்தான் சேரும், முதலில் ஒரே ஒரு தட்டு.

ஏன் எதிர்க்கால்? நொண்டி ஆடிப்பாருங்கள். இடது காலில் நொண்டும்போது வலது கையை வீசினால் உடம்பு நேராக நிற்கும். அதே காலோடு அதே பக்கக் கையையும் உயர்த்தினால் அந்தப் பக்கமே சாயும். எம்புகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கை உயரும்போது உடம்பு நீண்டு உயரமும் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது. இதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட இரண்டு மாதிரியும் எம்பிப் பார்க்கச் சொல்வது நல்லது.

முதல் வாரத்திலேயே இடப்பக்கத்தையும் தொடங்கிவிடுங்கள். இடது கையில் பந்து போகவே போகாது, சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. கால் மட்டும் சரியாக இருந்தால் போதும். "வலது நல்லா வரட்டும், அப்புறம் இடது" என்று தள்ளிப்போட்டால் அந்த அப்புறம் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் வராது. அப்படி வந்த ஆள் நான்.

ஷூட்டிங்கைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம், இங்கே இரண்டு விஷயம் மட்டும். முதலாவது அளவு. பெரியவர்களின் ஏழாம் எண் பந்து சுமார் 600 கிராம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் மினி கூடைப்பந்துக்கு ஐந்தாம் எண் பந்து, 500 கிராமுக்குள்தான் இருக்கும். ரிங்கின் உயரமும் 2.60 மீட்டர் போதும். பெரிய பந்தை 3.05 மீட்டர் ரிங்குக்கு எறியச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வீசும். போகவும் போகும், நாமும் கைதட்டுவோம். அந்த வீச்சு உடம்பில் ஊறிவிடும், இரண்டு வருடம் கழித்து அதை எடுக்கப் படாதபாடு படுவோம். உயரம் குறைக்கிற ரிங் நம் பள்ளிகளில் ஏது என்பீர்கள். சுவர் இருக்கிறதே. எட்டடி உயரத்தில் கரியால் ஒரு கோடு போட்டு, அதற்குமேல் பந்து வளைந்து பட வேண்டும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது, வளைவு. ரிங்கின் வாய் 45 சென்டிமீட்டர், ஐந்தாம் எண் பந்தின் குறுக்களவு சுமார் 22. அதாவது இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் ஏறக்குறைய நுழையும். ஏணி போட்டு ஒரு நாள் இதைக் காட்டினேன். "அவ்ளோ பெருசா சார்!" என்று வாயைப் பிளந்தார்கள். கீழிருந்து பார்த்தால் ரிங் ஒரு கோடு, மேலிருந்து பார்த்தால் அண்டா. பந்து மேலேயிருந்து இறங்கினால் அண்டாவுக்குள் விழும், தட்டையாகப் போனால் கோட்டில் மோதும். அந்த உயரம் கையிலிருந்து வராது, மடங்கின முட்டி நிமிர்கிறபோதுதான் வரும். மறுபடியும் கால்தான்.

டிரிபிளுக்கு நான் அதிகம் சொல்வதில்லை, பிள்ளைகளே வீட்டு வாசலில் தட்டிப் பழகிக்கொள்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருந்தால். உள்ளங்கை படாமல் விரல்களால் தட்டுவது, முட்டி உயரத்துக்கு மேல் போகவிடாதது, கண் பந்தில் இல்லாமல் எதிரே இருப்பது. தட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே நின்று விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்டால் தலை தானாக நிமிரும். பாஸில் கவனிக்க வேண்டியது, கொடுக்கிறபோது ஆணியில்லாத கால் ஓரடி முன்னால் போகிறதா என்பது. போனால் பந்துக்கு வேகம் இருக்கும்.

டிஃபென்ஸ் முழுக்கவே காலாட்டம். கபடியில் ரெய்டருக்கு முன்னால் நிற்பவர்களைப் பாருங்கள். குனிந்து, கை விரித்து, முன்பாதத்தில் நின்று, காலைப் பின்னிக்கொள்ளாமல் பக்கவாட்டில் நகர்வார்கள். அதேதான் இங்கேயும். ஒரே வித்தியாசம், இங்கே பிடித்து இழுத்தால் ஃபவுல். பிள்ளைகள் ஏன் கையை நீட்டி அடிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முரட்டுத்தனமெல்லாம் இல்லை. கால் போய்ச் சேராத இடத்துக்குக் கை போகிறது. "கையை அடிக்காதே" என்று நூறு முறை சொல்வதற்குப் பதில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காலாலேயே தடுக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் பந்துக்காரருக்கும் ரிங்குக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும் என்பது புரிகிறது.

எம்பி இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்றும் பாருங்கள். வளரிளம் பெண் பிள்ளைகளுக்கு இதில் முட்டி ஜவ்வுக் காயம் வரும் வாய்ப்பு பையன்களைவிட அதிகம். பூனை இறங்குகிற மாதிரிச் சத்தமில்லாமல், முட்டி பாதத்துக்கு நேராக மடங்க இறங்கட்டும். இதையும் ஜம்ப் ஸ்டாப் பயிற்சியிலேயே சேர்த்துவிடலாம், தனி நேரம் வேண்டாம்.

பதினான்கு பிள்ளைகள், நான்கு பந்து, அதில் ஒன்று காற்று நிற்காதது. எங்கள் நிலைமை இதுதான். உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கால் பயிற்சியில் ஒரு பெரிய வசதி, பந்தே வேண்டாம். முதல் அரைமணி நேரம் பதினான்கு பேரும் ஒரே சமயத்தில் ஓடி நின்று திரும்பலாம், யாரும் வரிசையில் நின்று முடியைப் பின்னிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கெட்டுப்போவது வரிசையில் நிற்கும்போதுதான். அடுத்த அரைமணி பந்து. கடைசியில் ஓர் ஆட்டம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள், நியாயமும் அதுதான்.

அந்தக் கடைசி ஆட்டத்தில்தான் நான் ஒரு மாற்றம் செய்தேன். அரைக் கோர்ட்டு, பக்கத்துக்கு மூன்று பேர், டிரிபிள் கிடையாது. ஒரு முறை தட்டினாலும் பந்து எதிரணிக்கு. பிடிக்கலாம், நிற்கலாம், திரும்பலாம், பாஸ் கொடுக்கலாம், ஷூட் செய்யலாம். நெய்ஸ்மித்தின் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் ஏறக்குறைய இதுதான்.

முதல் நாள் பெரிய கூச்சல். பந்து வைத்திருக்கும் பிள்ளையால் நகர முடியவில்லை. மற்ற இருவரும் நின்ற இடத்திலேயே கையைத் தூக்கிக்கொண்டு "பாஸ்! பாஸ்!" என்று கத்தினார்கள். எதிராளி முன்னால் வந்து மறித்ததும் பந்துக்காரப் பிள்ளை பயந்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. ஒட்டிவந்து மறித்தால் ஐந்து நொடிக்குள் பந்தை விட வேண்டும் என்பது விதி, அதனால் நான் சத்தமாக எண்ணினேன். ஒரு கூடைகூட விழவில்லை. "போர் சார், டிரிபிள் விடுங்க" என்று கெஞ்சினார்கள். விடவில்லை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, ஒரு பையன் பாஸ் கொடுத்த கையோடு ரிங்கைப் பார்த்து ஓடினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்து வைத்திருந்த பெண் ஆணிக்காலில் ஒரு சுற்றுத் திரும்பி, மறித்து நின்றவளின் கைக்கு அடியில், தரையில் ஒரு முறை பட்டு எழும் பவுன்ஸ் பாஸ் போட்டாள். அவன் பிடித்தான், வலது, இடது, மேலே. போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. ஒரு நொடி எல்லாரும் அப்படியே நின்றார்கள், அப்புறம் கத்தினார்கள் பாருங்கள், வாட்ச்மேன் எட்டிப்பார்த்தார். 'கிவ் அண்ட் கோ' என்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். பந்தோடு ஓட முடியாது என்றால் பந்து இல்லாதவர்கள்தான் ஓட வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள்.

திருத்தம் சொல்லும்போது ஒரு நேரத்தில் ஒன்று போதும். லே-அப் போட்ட பிள்ளையிடம் கை, கண், கால், வேகம் என்று நான்கையும் சொன்னால் அது நம் முகத்தைத்தான் பார்க்கும். நான் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறேன். "எந்தக் கால் ஆணி?" பதில் சொல்லத் தெரிந்தால் தப்பும் தெரிந்துவிட்டது. தெரியாமல் விழித்தால் அடுத்த முறை கவனித்துப் பிடிக்கும்.

போன மாதம் ஒரு காலைப் பயிற்சி. மூன்றுக்கு மூன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, நடுவர் நான்தான். ஆனால் அந்த நேரம் ஒரு சின்னப் பையனின் ஷூ கயிற்றில் விழுந்த முடிச்சை அவிழ்க்க ஓரமாகக் குனிந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஆட்டச் சத்தம் திடீரென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால், ஏழாம் நம்பர் பந்தைக் கொண்டுபோய் எதிரணிப் பெண்ணின் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துப் பையன் ஒருவன் "லூசு, சார் பாக்கவே இல்ல" என்று பல்லைக் கடித்தான்.

"டிராவல் சார்," என்றாள் என்னைப் பார்த்து. "ஆணி கிளம்பிடுச்சு."